வெல்லக் கொப்பரையில் ஒரு மீன்வேட்டை

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே எனக்கு லீவு கிடைத்தது. ஐப்பசி மாதம். ஒருநாள் காலையில் அம்மா என் துணிகளை ஒரு பையில் திணித்து, எங்கள் வீடு இருந்த பிள்ளையார்பாளையத்திலிருந்து பஸ் ஏற்றி, பாலாற்றங்கரையில் இருந்த மாமா வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். அம்மாவின் இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. தறியில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். நம்பினேன். பிறகு அப்பா இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் மாமா வாசலை மறித்து நின்றுகொண்டு, "அக்கா வராது மாமா, நீங்க போய்ட்டு வாங்க" என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். அப்பாவைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் லீவு நீண்டுகொண்டே போனதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

மாமா அம்மாவுக்குத் தம்பி. எங்கள் சொந்தத்தில் எல்லாரும் தறியில் உட்கார்ந்தவர்கள். அவர் மட்டும் கொஞ்ச காலம் லாரியில் கிளீனராகப் போய் ஊர் சுற்றியவர். மேட்டூர்ப் பக்கம் பரிசலில் போய் ஆளுயர மீன் பிடித்த கதையை வாரத்துக்கு ஒரு தரம் சொல்வார். ஒவ்வொரு தரமும் அந்த மீன் கொஞ்சம் வளர்ந்திருக்கும். நான் பரிசலையும் பார்த்ததில்லை, பாலாற்றில் தண்ணீரையும் பார்த்ததில்லை. ஆறு என்றால் எனக்கு மணல். ஊற்றுத் தோண்டி, சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றுகிற இடம்.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது என்றார்கள், நான் கரைக்கு ஓடினேன். முந்தின நாள் நான் உட்கார்ந்து வீடு கட்டிய மணலைக் காணோம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முழு மரம் ஒன்று வேரோடு மிதந்து போயிற்று. எங்கள் தலைக்கு மேலே பளிச்சென்று வெயில். மேற்கே எங்கேயோ பெய்த மழை என்றார்கள்.

இரண்டு நாளில் வெள்ளம் கொஞ்சம் இறங்கியது. மாமாவின் கண் கரையோரத்திலேயே இருந்தது. "பாரு பாப்பா, மீனு எப்படி எதுத்துக்கினு ஏறுது" என்று காட்டினார். ஓடுகிற தண்ணீருக்கு எதிராகக் கெண்டைகள் துள்ளித் துள்ளி மேலே போய்க்கொண்டிருந்தன. கீழே விழுந்தவை மறுபடியும் துள்ளின. கார்த்திகை பிறந்துவிட்டால் விரதம், வீட்டில் மீன் கிடையாது. அதற்குள் ஒரு நாளாவது குழம்பு வைத்துவிட வேண்டும் என்பது மாமாவின் தவிப்பு.

பரிசலுக்கு எங்கே போவது? கரும்புத் தோட்டக்காரரிடம் வெல்லம் காய்ச்சுகிற பெரிய இரும்புக் கொப்பரை ஒன்று இருந்தது. மாமா அதைக் கேட்டு வாங்கி, உருட்டிக்கொண்டு வந்து தண்ணீரில் மிதக்கவிட்டார். கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையை அதன் காதிலும் மறுமுனையைக் கரையோர வேம்பிலும் கட்டினார். ஒரு மூங்கில் கழி, ஒரு சின்ன வலை. நானும் வருவேன் என்று அழுதேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லக்கூடாது" என்றபடி என்னைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தார்.

முதலில் எல்லாம் மாமா சொன்னபடியே நடந்தது. கயிறு விட்ட தூரம் வரைக்கும் போய் நின்றோம். மாமா வலையை வீசி இழுத்தார். மூன்று கெண்டைகள் என் காலடியில் விழுந்து துடித்தன. நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தேன். இரண்டாவது முறை வலையை வீசும்போது கொப்பரை லேசாக ஆடியது. அப்புறம் வேம்பு எங்களைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போயிற்று. கயிறு அறுந்தது என்று எனக்குத் தெரியவில்லை, மரம்தான் நகர்கிறது என்று நினைத்தேன்.

மாமா கழியை ஊன்றினார். அடி எட்டவில்லை. கொப்பரை சுற்ற ஆரம்பித்தது. கரை, அக்கரை, வானம் என்று எல்லாம் மாறி மாறி வந்தன. துணி துவைக்கிற படித்துறையைத் தாண்டும்போது அங்கே பெண்களோடு அம்மா நின்றிருந்தாள். நான் உற்சாகமாகக் கையை ஆட்டினேன். அம்மா கையை ஆட்டவில்லை. அவள் ஓடத் தொடங்கினாள். அப்போதுதான் திரும்பி மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதுவரை பெரியவர்கள் யாரிடமும் நான் பார்த்ததில்லை.

மிதந்து வந்த பனந்துண்டு ஒன்று இடித்தது. அடுத்த நொடி மாமா கொப்பரையில் இல்லை. நானும் மூன்று மீன்களும் மட்டும் இருந்தோம்.

ஆறு திரும்புகிற இடத்தில் நாணல் புதரில் கொப்பரை போய்ச் சிக்கிக்கொண்டது. அம்மா கரையில் மூச்சிரைக்க நின்றாள். கட்டியிருந்த புடவையை ஒரே இழுப்பில் உருவி, ஒரு முனையை இடுப்பில் முடிந்துகொண்டு, மறுமுனையைப் பின்னால் ஓடிவந்த பெண்களிடம் எறிந்தாள். "வுடாம புடிச்சிக்கோங்க" என்றாள். பாவாடையும் ரவிக்கையுமாக, ஊர் ஆண்களெல்லாம் பார்க்க, மார்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, கொப்பரையோடு என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்பா எதிரில் நிமிர்ந்துகூடப் பேசாத என் அம்மா. வெள்ளத்தைவிட அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

மாமா இன்னும் கீழே ஒரு மரத்தின் வேரைப் பிடித்து ஏறியிருந்தார். நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. அம்மா நேராகப் போய் அவரை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த மூன்று மீன்களையும் அன்றைக்கே குழம்பு வைத்தாள். என்னைத் தவிர யாரும் சாப்பிடவில்லை.

சேதி கேட்டு மறுநாளே அப்பா வந்தார். கூட எங்கள் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர். மாமா தலையில் கட்டோடு வாசலுக்கு வந்தார், ஆனால் குறுக்கே நிற்கவில்லை. அப்பா சத்தம் போடவில்லை. "புள்ளைய ஆத்துல வுட்டுட்டு, இன்னா பேசப்போற நீ?" என்றார். அவ்வளவுதான். பெரியவர்கள் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் உள்ளே போய், என் துணிகளை அதே பையில் மடித்துவைக்க ஆரம்பித்தாள்.

ஆபத்து வந்ததால் அப்பா எங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மேல் எனக்குப் பிரியம் பொங்கியது. பஸ்ஸில் அவர் மடியில் உட்கார்ந்து, கொப்பரை சுற்றியதையும் அம்மா தண்ணீரில் இறங்கியதையும் விலாவாரியாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"மறுபடியும் மாமா ஊட்டுக்கு எப்பம்மா வருவோம்?" என்று கேட்டேன்.

"உங்கப்பாவக் கேளு."

அப்பாவைக் கேட்டேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, "இனிமே எதுக்கு வரணும்?" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்பா வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.