நான்காம் பெட்டியும் லாஸ்டனின் மாமியாரும்

பள்ளிக்கூடக் கூரையில் சங்கு அலறியபோது லாஸ்டன் ஒரு காலில்தான் செருப்பு மாட்டியிருந்தான். மற்றதைத் தேட நேரமில்லை. அப்படியே ஓடினான். முன்னால் பக்கத்து நிலத்து யொலாமு தகர டின்னைத் தட்டிக்கொண்டு போனான். இரண்டு பெண்கள் மிளகாய்த்தூள் பிசைந்த சாண வறட்டியைப் பற்றவைத்து, இருமிக்கொண்டே புகையைக் காட்டுப் பக்கம் விசிறினார்கள். வானம் வெளுத்திருந்தது. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அதற்கப்பால் காடு.

யானை இல்லை. மிதித்த தடம் இல்லை, ஒரு தட்டைகூடச் சாயவில்லை.

எல்லோரும் தட்டுவதை நிறுத்தினார்கள். அப்போது ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. தொம், தொம், தொம். தோட்டத்தை ஒட்டிய கடைசி வீட்டு முற்றத்தில் எஸ்நாத்தி உரலில் சோளம் குத்திக்கொண்டிருந்தாள்.

லாஸ்டன் கைப்பேசியைப் பார்த்தான். யானை நான்காம் காவல் பெட்டிப் பக்கம் என்றது. அந்தப் பெட்டிக்கும் எஸ்நாத்தியின் உரலுக்கும் நடுவே இருபது அடி இருக்கும். எஸ்நாத்தி அவனுடைய மாமியார்.

"எங்க மாப்ள உன் யானை?" என்றான் யொலாமு.

"எறும்பு. பெட்டிக்குள்ள எறும்பு பூந்திருக்கு."

"போன வியாழக்கிழமையும் எறும்புன்னுதான் சொன்ன. அதே எறும்பா, வேற எறும்பா?"

லாஸ்டன் பெட்டியைத் திறந்து உள்ளே ஊதினான். எறும்பு எதுவும் இல்லை. அதை யாரும் பார்த்துவிடாதபடி முதுகால் மறைத்துக்கொண்டான்.

ஊரில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். இந்தப் பக்கத்து வழக்கப்படி, கட்டிக்கொண்டவன் பெண்ணின் ஊருக்கு வந்து குடியிருக்க வேண்டும். தெற்கே சைக்கிள் கடை வைத்திருந்த லாஸ்டன், எனெலெசியைக் கட்டிக்கொண்டு, ஒரு பம்பும் இரண்டு ஸ்பேனருமாக வந்து சேர்ந்தான். நிலம் எனெலெசியுடையது. வீடும் அவளுடையதுதான். ததாலா பிறந்தாள், அவளும் எனெலெசியின் குலத்துக்கே சேர்ந்தவள். ஸ்பேனர்கள் அவனுடையவை. ஒன்பது வருடத்தில் ஊர்க்கூட்டத்தில் அவன் இரண்டு தடவை வாய் திறந்திருக்கிறான். ஒருமுறை தும்மினான்.

பெட்டிகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. தலைநகரத்துக் கல்லூரியிலிருந்து ருஃபீனா என்ற பொறியாளப் பெண் அவற்றைக் கொண்டுவந்தாள். காட்டு ஓரமாகப் பதினொரு கம்பங்கள், கம்பத்துக்கு ஒரு பெட்டி, நெற்றியில் உள்ளங்கை அகலத்துக்குச் சூரியத் தகடு, மண்ணுக்குள் இறங்கும் ஓர் இரும்பு முள். யானை நடந்தால் மண் அதிரும், முள் அதைக் கேட்கும். கேட்டதைக் கம்பியில்லாமல் அடுத்த பெட்டிக்குச் சொல்லும். அது அதற்கடுத்ததுக்குச் சொல்லும். பதினொன்றாவது கேட்ட சேதி பத்து, ஒன்பது என்று கைமாறி முதல் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து பள்ளிக்கூடக் கூரைக்கு ஏறி, சங்கு அலறும். மின்கலம் தீராமல் இருக்கப் பெட்டிகள் பெரும்பாலும் தூங்கும். கணநேரம் விழிக்கும், காது கொடுக்கும், பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், திரும்பத் தூங்கும். ருஃபீனா இதை விளக்கியபோது, இப்படி ஓர் ஆள் ஏற்கெனவே ஊர்க்கமிட்டியில் இருக்கிறார் என்று யொலாமு சொன்னான். கமிட்டித் தலைவர் ஜெய்லோஸ் சிரிக்கவில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் வேறெங்கோ ஆற்று வெள்ளத்துக்கும், பாலத்து விரிசலுக்கும், காட்டுத் தீக்கும் காவல் இருப்பதாக ருஃபீனா சொன்னாள். பாலத்துக்கு மாமியார் இருக்காது என்று பின்னால் ஒருநாள் லாஸ்டன் நினைத்துக்கொண்டான்.

காட்டு ஓரத்தில் நிலம் இல்லாத ஆள் காவலுக்கு வேண்டும் என்றார்கள், யார் பக்கமும் சாயமாட்டான் என்பதற்காக. நிலமே இல்லாத ஆள் லாஸ்டன். அவனுக்கு ஒரு பச்சை மழைக்கோட்டு கிடைத்தது. வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டு தகடுகளைத் துடைத்தான், பல்லியை விரட்டினான், யாரோ வானொலிக்காகக் கழற்றிப்போன மின்கலத்தை யாரென்று கேட்காமல் திரும்ப வாங்கிவந்தான். பெண்கள் அவனிடம், "இன்னிக்கு வருமா மாப்ள?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வந்த யானைகளைச் சங்கு ஐந்து தடவை திருப்பி அனுப்பியது. ஆறாவதும் ஏழாவதும்தான் இந்த எறும்பு.

இரண்டாவது எறும்பு நடந்த அன்று ஜெய்லோஸ் தீர்ப்பாகச் சொல்லிவிட்டார். யானை இல்லாமல் இன்னொரு தடவை சங்கு ஊதினால் பெட்டிகளைக் கழற்றி, வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆற்றுக்கு அக்கரை ஊருக்குக் கொடுத்துவிடுவது. ஏற்கெனவே பாதிப்பேர் சங்கு கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பெட்டி போனால் சோளம் போகும். அத்துடன் மழைக்கோட்டும் போகும் என்பது லாஸ்டனுக்குத் தெரியும்.

எஸ்நாத்தி மாவு தீரும்போதுதான் குத்துவாள்; உரலைப் போன வாரம்தான் பெட்டிப் பக்கம் நகர்த்தியிருந்தாள். ருஃபீனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு உலக்கையைப் பற்றிச் சொன்னான். அவள் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: யானை இடம் மாறி நடக்கும், உலக்கை ஒரே இடத்தில் ஒரே தாளத்தில் விழும், பெட்டிக்கு வித்தியாசத்தைக் கற்றுக்கொடுக்கலாம். அந்த அம்மாளிடம் சொல்லிவைத்து, நேரம் குறித்து, கொஞ்ச நேரம் குத்தச் சொன்னால் போதும்.

சொல்லிவைப்பதுதான் முடியாத காரியம். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பேர் சொல்லக் கூடாது. எதிரே அவள் வந்தால் லாஸ்டன் புல்லுக்குள் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். ஒன்பது வருடமாக நாற்பது காலடி தள்ளி வாழ்ந்தும், அவளை அவன் குதிகாலாலும் உலக்கைச் சத்தத்தாலும்தான் அறிந்திருந்தான். சேதி ஏதும் இருந்தால் அவளுடைய தம்பி வழியாகப் போக வேண்டும். தம்பி என்பவர் ஜெய்லோஸ். அவரிடம் போய், உங்கள் அக்கா யானை மாதிரி என்று ஆரம்பிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எனெலெசியிடம் சொல்லிப் பார்த்தான். அவள் பூசணிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மாவ யானைங்கறியா?"

"நான் சொல்லல. பெட்டி சொல்லுது."

"பெட்டிய யாரு பாத்துக்கறது?"

"நான்."

"அப்ப நீதான் சொல்ற." கீரைக் காம்பைக் கிள்ளி எறிந்தாள். "இத பாரு ததாலா அப்பா. ஒம்பது வருஷத்துல மருமகன் முதமுதலா கேட்டது குத்தாதேன்னுதான்னு அம்மா ஊரெல்லாம் சொல்லும். அந்த மாவுலதான் ரெண்டு வேளையும் நீ ன்சிமாக் களி திங்கற. போய் வேற வழி பாரு."

வேறு வழி பக்கத்திலேயே இருந்தது. நான்காம் பெட்டியை அணைத்துவிடலாம். ஜனவரியில் ருஃபீனா ஒரு பெட்டியை அணைத்துக் காட்டியிருந்தாள். ஐந்து பேசியது நான்கைத் தாண்டி மூன்றுக்கு எட்டியது. ஒரு காது செவிடானால் என்ன, இன்னும் பத்து இருக்கின்றனவே. பொழுது சாயும் நேரத்தில் போய், மாமியார் முற்றத்துக்கு முதுகைக் காட்டியபடி பொத்தானை அழுத்திவிட்டு வந்தான். அன்று நன்றாகத் தூங்கினான்.

திங்கள் விடிந்தது. உலக்கை விழத் தொடங்கியது. சங்கு ஊதவில்லை. லாஸ்டன் வாசலில் உட்கார்ந்து, கஞ்சியை ஊதி ஊதி, ஒவ்வொரு தொம்முக்கும் ஒரு வாயாகக் குடித்தான். பாதிக் கிண்ணத்தில் சத்தம் நின்றுபோனது.

பிறகு யாரோ, "லாஸ்டன்" என்று கூப்பிட்டார்கள்.

அந்தக் குரலில் தன் பேரை அவன் கேட்டதே இல்லை. யாரென்று விளங்கவில்லை. எனெலெசி கையிலிருந்த அகப்பையைக் கீழே போட்டாள். "அம்மா," என்றாள். "அம்மா உன் பேரச் சொல்லுது."

"லாஸ்டன்! அஞ்சு யானை நிக்குது, பூசணிக் கொடியில!"

ஓடினான். உலக்கை மேலே இருக்கும்போதும் காலடி மண் அதிர்ந்ததாம். எஸ்நாத்தி பிற்பாடு சொன்னது. சங்கு ஊதாததால் ஊர் மெதுவாக எழுந்தது. மிளகாய்ப் புகை வைத்து, டின் தட்டி, விரட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எஸ்நாத்தியின் பூசணிக் கொடி முழுக்கப் போயிற்று. யொலாமுவின் சோளத்தில் பதினான்கு வரிசை போயிற்று. மிச்சம் தப்பியது.

வெயில் ஏறுமுன் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூட்டம் கூடியது. சங்கு ஏன் ஊதவில்லை என்று ஜெய்லோஸ் கேட்டார். லாஸ்டனின் வாய் வரைக்கும் எறும்பு வந்தது. யொலாமு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலாம் பெட்டிய நான்தான் அணைச்சேன்," என்றான் லாஸ்டன். பிறகு கைகளால் காட்டி விளக்கினான். யானை வந்தது ஐந்தாம் பெட்டிப் பக்கம். ஐந்து கேட்டது, சொன்னது. ஜனவரியில் சோளம் முழங்கால் உயரம், பேச்சு மேலாகத் தாண்டிப் போயிற்று. இப்போது தழைத்து, தண்ணீர் கட்டி நிற்கிறது. பேச்சை இலை குடித்துவிட்டது. நான்கு வாய் மூடியதும் ஐந்து முதல் பதினொன்று வரை ஏழும் ஊமை. அதை அவன் யோசிக்கவில்லை.

"எதுக்கு அணைச்சே?" யொலாமு கேட்டான்.

லாஸ்டன் மழைக்கோட்டின் பொத்தானைத் திருகினான். பெண்கள் பக்கத்திலிருந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தபடி, எஸ்நாத்தி பேசினாள்.

"தம்பி, கேட்டுச் சொல்லு. நான் குத்தறது அந்தப் பெட்டிக்கு யானை நடக்கற மாதிரி கேக்குதா?"

பத்தடி தள்ளி நின்ற லாஸ்டனிடம் ஜெய்லோஸ் திரும்பினார். "நான் குத்தறது, அதாவது அக்கா குத்தறது, பெட்டிக்கு யானை மாதிரி கேக்குதான்னு கேக்கறாங்க."

"ஆமா மாமா."

"ஆமாங்கறாரு அக்கா."

"எத்தன யானைன்னு கேளு."

"எத்தன யானைன்னு கேக்கறாங்க."

"ஒண்ணுதான் மாமா."

"ஒண்ணுதானாம்."

பெண்களில் ஒருத்தி முந்தானைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். எஸ்நாத்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருந்தா மில்லுக்குப் போயிருப்பேன்," என்றாள். "அந்த மாவு எனக்குப் பிடிக்காது. போயிருப்பேன். பூசணியாவது மிஞ்சியிருக்கும்."

இதை ஜெய்லோஸ் கடத்தவில்லை. லாஸ்டனுக்கே கேட்டது.

அவர் தீர்ப்புக்கு வந்தார். யானை இல்லாமல் சங்கு ஊதினால் பெட்டியைக் கழற்றுவது என்பதுதான் விதி. சங்கு ஊதாமல் யானை வந்தால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை என்றார். ஆகவே அறுவடை வரை பெட்டிகள் இருக்கட்டும். யொலாமுவின் நிலத்தில் லாஸ்டன் மூன்று நாள் கதிர் ஒடிக்க வேண்டும். மாமியார் மருமகன் பேரைச் சொன்னது குற்றம். அவள் அவனுக்கு ஒரு கோழி தர வேண்டும். சொல்லும்படி வைத்தது அவன் குற்றம்; அவனும் அவளுக்கு ஒரு கோழி தர வேண்டும். இரண்டு கோழியிலும் தீர்ப்புச் சொன்னவருக்கு ஒவ்வொரு கால்.

"பெட்டிக்கு ஒண்ணும் இல்லியா?" என்றான் யொலாமு.

மறுநாள் பத்து மணிக்கு ருஃபீனா வாடகை சைக்கிளில் வந்தாள். நான்காம் பெட்டியை மீண்டும் ஓடவிட்டாள். எஸ்நாத்தி பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை குத்தினாள். லாஸ்டன் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து நேரம் குறித்தான். தொடங்கு, நிறுத்து என்பதை ஜெய்லோஸ் நடந்து நடந்து சொன்னார். நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று பெட்டிகளையும் மூங்கில் கட்டிச் சோளத்துக்கு மேலே உயர்த்தினார்கள்; முள் மட்டும் மண்ணிலேயே இருந்தது. மதியம் கோழியும் ன்சிமாவும் சாப்பிட்டார்கள். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. ருஃபீனா நனைந்துகொண்டே திரும்பிப் போனாள். நான்கு மணிக்கு ஏழாம் பெட்டி பேசவில்லை என்று கைப்பேசி சொன்னது. லாஸ்டன் போய்த் திறந்தான். உள்ளே தண்ணீர் நின்றது. கொட்டிவிட்டு, துணியால் துடைத்து, வீட்டுக்கு எடுத்துவந்து அடுப்போரம் காயவைத்தான். ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினான். அப்போது எஸ்நாத்தி குத்திக்கொண்டிருந்தாள். சங்கு ஊதவில்லை. யானையும் வரவில்லை.