'ங்க' போடப் பழக்கினேன்

என் தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. ஒகேனக்கல் கரையில் கட்டியிருந்த ஒரு பரிசலை அவிழ்த்து ஆற்றில் விட்டுவிட்டான். அது சுற்றிச் சுற்றிப் போவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. பரிசல் பாறையில் மோதிக் கிழிந்தது. பரிசல்காரர் போலீசில் திருட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

தம்பிக்கு அறிவு ஐந்து வயதோடு நின்றுபோயிருந்தது. ஊருக்கே தெரியும், சிறுவர் கோர்ட்டுக்குத் தெரியாது. வழக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறானா என்று பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். இல்லை என்று அவர் எழுதினால் வீட்டோடு விட்டுவிடுவார்கள் என்றார் வக்கீல் குமாஸ்தா.

"நீதான் படிச்சவன். அவனுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு டாக்டருகிட்டப் பக்குவமா சொல்லீரு" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

எனக்கு வேறு கவலை. நாயானாலும் தாசில்தாரானாலும் அவனுக்கு எல்லோரும் 'நீ'தான். டாக்டரையும் 'வா, போ' என்றால்? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் ஏறிய முதல் ஆள் நான், தர்மபுரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் அவனை உட்காரவைத்து, யார் எது கேட்டாலும் கடைசியில் 'ங்க' போடு என்று பழக்கினேன். ஒவ்வொரு 'ங்க'வுக்கும் ஒரு கடலை மிட்டாய்.

"உம்மேல என்ன கேஸுன்னு தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரியுங்க."

"பரிசல எடுத்தது தப்புன்னு தெரியுமா?"

"தெரியுங்க."

என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு சொன்னான். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தானே பேசறான். வீட்லயும் இப்படித்தானா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மிட்டாயை எடுத்துக் காட்டியிருந்தால்கூடப் போதும். பின்னால் வரிசையில் என் வகுப்புப் பையன் ஒருவன் நின்றிருந்தான்.

"ஆமாங்க" என்றேன்.

புரிந்துகொள்கிறான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கோர்ட்டிலும் கேட்டதற்கெல்லாம் 'ஆமாங்க' என்றான். ஒரு வருஷம் சீர்திருத்தப் பள்ளி என்று ஆயிற்று. அம்மா என்னைத் திட்டவில்லை. டாக்டர் உன்னை என்ன கேட்டார் என்று மட்டும் கேட்டாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன்.

பொங்கலுக்கு முன்னால் அவனைப் பார்க்கப் போனோம். வீட்டில் என்னை 'டேய் அண்ணா' என்றுதான் கூப்பிடுவான். அன்று கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, "வாங்க" என்றான். சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். என் பையில் மிட்டாய் இல்லை.