கோட்டை வேலிக்குள் போன ஊற்று

1993 அக்டோபர், லண்டன், காலை 8.50. ரெய்னர்ஸ் லேனில் பாதாள ரயில் ஏறி, ஹேமர்ஸ்மித்தில் மாறி, கியூ கார்டன்ஸில் இறங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் மதுரைக்காரன், ஊரெல்லாம் புகழும் பூந்தோட்டத்துக்குத்தான் போகிறோம் என்று நினைத்திருந்தேன். என்னை வீட்டில் தங்கவைத்திருந்த கனகசபை அண்ணனோ பழைய அரசாங்கத் தாள்களைக் காக்கும் கட்டடத்துக்கு விறுவிறுவென்று நடந்தார்.

யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் ஒரு நொத்தாரிசிடம், அதாவது பத்திர வக்கீலிடம், காணி உறுதி என்கிற நிலப் பத்திரம் எழுதியவர். இப்போது பெட்ரோல் நிலையத்தில் வேலை. குடும்பக் காணியும் கிணறும் ராணுவ முகாமின் முள்கம்பிக்குள் போய்விட்டன. கம்பிக்கு வெளியே குடியிருக்கும் அவருடைய அக்கா குடிதண்ணீருக்கு ஒன்றரை மைல் நடக்கிறார். காணியைத் திருப்பிக் கேட்டு அண்ணன் பதினொரு மனு போட்டார். ஒன்றுக்கும் பதில் இல்லை. ராணுவம் எடுத்த நிலத்தை யாராவது எப்போதாவது மீட்டிருக்கிறார்களா என்று தேடி, ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் இங்கே வருகிறார்.

10.15. உள்ளே பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். கையில் ஒரு சின்னக் கருவி தருகிறார்கள். கேட்ட தாள்கட்டு வந்ததும் அது கீச்சிடுகிறது. எதற்கு என்று யாரும் துருவுவதில்லை. இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட தாளை ஒரு பெட்ரோல் நிலையத் தொழிலாளியின் கையில் நம்பிக் கொடுக்கிறார்களே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

11.40. வந்தது, அமெரிக்காவை ஆங்கிலேயர் ஆண்ட காலத்துக் கோட்டை ஒன்றின் கட்டு. கோட்டை வேலி அங்கிருந்த ஊற்றையும் சேர்த்து அடைத்துவிட்டதாம். குடியானவர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். வரிவரியாகப் படித்த அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார்.

"தம்பி, இவங்கள் காணியைக் கேக்கேல்லை. ஊத்துக்குப் போற பாதையை மட்டும் கேட்டிருக்கிறாங்கள்."

"கிடைச்சுதாண்ணே?"

"ஓம். பகலிலை கோட்டை வாசலாலை வந்து அள்ளலாமெண்டு மனு ஓரத்திலை உத்தரவு எழுதிக் கிடக்கு."

மதியம் தேநீர் அறுபது பென்ஸ். அண்ணன் தொடவே இல்லை.

"எங்கடை உறுதியளிலை கடைசி வரி என்ன தெரியுமோ? கிணத்துப் பங்கும் வழிவாய்க்காலும். கிணறு ஆருடைய வளவுக்குள்ளை இருந்தாலும் பங்குக்காரர் அள்ளலாம், போய்வர வழி விடவேணும். ஆயிரம் உறுதியிலை நானே எழுதினனான். கை எழுதிச்சுது, கண் வாசிக்கேல்லை. பதினொரு மனுவிலை ஒண்டிலும் அந்த வரி இல்லை!"

தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

மாலை 4.20. திரும்பும் ரயிலில் மடியில் தாளை வைத்து, கிணற்றுக்குப் போகும் வழியை மட்டும் கேட்டுப் பன்னிரண்டாவது மனுவைத் தொடங்கினார்.

"அப்ப காணியை விட்டுட்டீங்களாண்ணே?"

"விடேல்லை. காணி பத்து வருசம் கழிச்சு வந்தாலும் காணிதான். அக்காவுக்கு நாளைக்கு விடியக் குடிக்கத் தண்ணி வேணுமே."

மதுரையில் எங்கள் வீட்டுக் கிணறு அடுப்படியிலிருந்து ஆறு அடி. அங்கே போவதற்கு ஒரு வழி வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.