அரை எம்பி வேகத்தில் வந்த சேதி

சைமன்ராஜுக்கும் அவர் மனைவி லூசியம்மாளுக்கும் நடுவில் மொத்தம் இருபது சைகைகள் புழக்கத்தில் இருந்திருந்தால் அதிகம். ஒரு விரல் காட்டினால் முதல் ஷிப்ட், இரண்டு என்றால் இரண்டாம் ஷிப்ட், மூன்று என்றால் நைட். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பாடு. நெற்றியில் சிலுவை போட்டால் கோயில். லூசியம்மாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு யாரும் அனுப்பாததால் எழுத்தும் தெரியாது. 1988-ல் கல்யாணம் ஆனபோது குள்ளஞ்சாவடிச் சொந்தக்காரர்கள், "குடுத்து வச்சவன்டா நீ, பொண்டாட்டி வாயே தொறக்க மாட்டா" என்று கேலி செய்தார்கள். சைமன்ராஜும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பிலேயே இருபத்தேழு வருஷத்தை ஓட்டிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. குடி கிடையாது, கைநீட்டியதும் கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து பெர்மனென்ட் ஆகி, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கி, பிள்ளைகள் இரண்டையும் படிக்க வைத்தவர். ஆனால் மனைவியின் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் மகளைத்தான் கூப்பிடுவார். "நான்சி, ஒங்கம்மா இன்னாமோ சொல்லிகினு இருக்குது, இன்னான்னு கேளு" என்பார். கேட்டுச் சொன்னதும் தலையாட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

நான்சிக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் இரண்டு வயசிலிருந்து அவளும் அம்மாவும் கையாலேயே ஒரு பாஷையை உண்டாக்கி வைத்திருந்தார்கள். ஊர்ப் புரளி, ஜெபம், புடவைக் கலர், கோபம் எல்லாம் அதில் இருந்தது. அம்மாவும் மகளும் சண்டை போட்டால் வீட்டில் சத்தமே இருக்காது, கைகள் மட்டும் காற்றை வெட்டும். உலகத்திலேயே அந்தப் பாஷை தெரிந்தவர்கள் இரண்டே பேர். தம்பி ஆனந்த்ராஜுக்கு அதில் பாதிகூட வராது.

2014-ல் நான்சியைப் புனேவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மகளைத் தூரத்தில் கொடுத்த மற்ற அம்மாக்களுக்குப் போன் இருக்கிறது. லூசியம்மாளுக்குப் போன் என்பது வெறும் பிளாஸ்டிக் டப்பா. முதல் இரண்டு மாதம் அவள் அடுப்படியில் யாருமில்லாத இடத்தைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்ததைச் சைமன்ராஜ் கண்ணால் பார்த்தார். பார்த்த மறுநாளே, ஆனந்த்ராஜின் லேப்டாப்பில் மகளை வீடியோவில் பார்த்துக் கையால் பேசட்டும் என்று பிராட்பேண்டுக்கு எழுதிக் கொடுத்தார். அதை மட்டும் மறுக்கவே முடியாது.

மாதம் எழுநூறு ரூபாய், அன்லிமிடெட். மோடம் மாட்ட வந்தவர், எட்டு ஜிபி வரைக்கும் ரெண்டு எம்பி வேகம், அதைத் தாண்டினால் அரை எம்பி என்று விளக்கமாகத்தான் சொன்னார். சைமன்ராஜின் காதில் அன்லிமிடெட் என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது. ஊர்பூராவுக்கும் கரண்டு கொடுக்கிற கரியைத் தோண்டுகிற மனிதர்கள் அவர்கள். விசிறியை அணைத்துவிட்டு வெளியே போகிற பழக்கமே டவுன்ஷிப்பில் பாதிப் பேருக்குக் கிடையாது. இன்டர்நெட்டையும் அப்படித்தான் நினைத்தார். மாடி வீட்டு சந்திரகலா பாஸ்வேர்டு கேட்டபோது ஒரு கிண்ணம் குழம்பு கொடுப்பதுபோலக் கொடுத்தார். அவள் தவறவிட்ட சீரியல்களையெல்லாம் அதில் பார்த்தாள். டிப்ளமா முடித்து வேலைக்குக் காத்திருந்த ஆனந்த்ராஜ் கிரிக்கெட்டும் சினிமாவுமாக இறக்கித் தள்ளினான். எட்டு ஜிபி பத்துப் பன்னிரண்டு தேதிக்குள்ளேயே தீர்ந்துபோகும். அதற்கப்புறம் ஆனந்த்ராஜுக்குப் படம் சுற்றிக்கொண்டு நிற்கும், சந்திரகலாவுக்கு எரிச்சல் வரும். லூசியம்மாளுக்குத்தான் பேச்சே திக்கிப்போகும். மகளின் கை கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு சைகை நின்று, நடுவில் இரண்டு காணாமல்போய், நாலாவது வந்து சேரும். மாதத்தின் பின்பாதியில் அவள் அனுமானத்திலேயே மகளோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2015 ஜூனில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, லூசியம்மாள் வழக்கம்போல ஜன்னல் திரையை விலக்கிவிட்டு லேப்டாப்புக்கு நாலடி தள்ளி நின்றாள். கிட்டே நின்றால் கை முழுசாகத் தெரியாது. சைமன்ராஜ் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மாடியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நான்சி வந்தாள், தலை சரியாக வாரவில்லை. ஏதோ சொல்ல ஆரம்பித்து, வலது கையை வயிற்றின் மேல் குவித்து வைத்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது.

லூசியம்மாள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள். புருஷன் பக்கம் திரும்பித் தன் வயிற்றின் மேல் கையைக் குவித்துக் காட்டினாள். இது இருபதுக்குள் இல்லாத சைகைதான், ஆனால் யாருக்குத்தான் புரியாது? சைமன்ராஜும் எழுந்து வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கேமராவைப் பார்த்துக் கையாட்டினார். அதோடு அழைப்பு அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டால் நான்சியின் போன் அணைந்திருந்தது. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டார். மாப்பிள்ளையிடம் இதைப் பற்றி விசாரிக்கக் கூச்சம். ஆனந்த்ராஜ் மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்தான், பிளாக் முழுக்கக் கொடுத்தார்கள். சந்திரகலா லூசியம்மாளைக் கட்டிக்கொண்டாள். லூசியம்மாள் பண்ருட்டி முந்திரியும் மாங்காய் வற்றலுமாகப் பார்சலுக்கு எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

புதன்கிழமை மதியம், இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸுக்குச் சைமன்ராஜ் நின்றுகொண்டிருந்தபோது நான்சியிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, ஞாயித்துக்கிழமை அம்மா ஏம்ப்பா கைதட்டுனாங்க?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கற? நல்ல சேதி சொன்னே, தட்டிச்சு."

நான்சி விஷயத்தைச் சொன்னாள். இரண்டு மாதம். உறுதியாகட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை கலைந்துவிட்டது. முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று ஞாயிறு வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"வயித்துல இருந்துச்சு, போயிடுச்சுன்னு ஒண்ணாத்தாம்ப்பா சொன்னேன். அம்மா சிரிச்சு கைதட்டுனாங்க. நீங்களும் சிரிச்சீங்க. மூணு நாளா போனை ஆஃப் பண்ணிட்டு, ஏன் ஏன்னு யோசிச்சேன். இப்ப ஆன் பண்ணினா, மாமா ஆகப்போறேன்னு தம்பி மெசேஜ் போட்டிருக்கான். இங்க படம் நிக்கவே இல்ல, அங்க பாதிதான் வந்திருக்குன்னு அப்பதாம்ப்பா புரிஞ்சுது."

சைமன்ராஜ் பஸ் வரிசையை விட்டு ஓரமாகத் தள்ளி வந்து நின்றார்.

"என்னால இன்னொரு தடவை அதைக் காட்ட முடியாதுப்பா. நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"எப்படிக் காட்டறதுன்னு எனக்குத் தெரியாதேம்மா."

"போயிடுச்சுன்னு காட்டத் தெரியாதாப்பா ஒங்களுக்கு?"

அதில் கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அவருக்கு அது செருப்பால் அடித்ததுபோல இருந்தது. பிறகு அவளே அழுகையோடு சொல்லிக் கொடுத்தாள். மூடின கையை வாய்கிட்ட கொண்டுவரணும், மெதுவாகத் திறக்கணும், ஊதணும். சைமன்ராஜ் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு செய்து பார்த்தார்.

"இன்னா சைமனு, கைய கைய ஆட்டிகினு நிக்கறே? பஸ்ஸு வந்துச்சு பாரு" என்றார் கூட வேலை செய்யும் சிங்காரவேல்.

"நீ போய்யா. நான் வூட்டுக்குப் போறேன்."

லூசியம்மாள் பார்சலுக்குச் சணல் கட்டிக்கொண்டிருந்தாள். ஷிப்டுக்குப் போனவர் திரும்பி வந்ததைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்பதுபோல நெற்றியைத் தொட்டாள். அவர் எதிரே உட்கார்ந்தார். நான்சி உயரத்தைக் காட்டினார், வயிற்றின் மேல் கையைக் குவித்தார். அவள் சிரித்துத் தலையாட்டினாள். அவர் மூடின கையை வாயருகே கொண்டுபோய்த் திறந்தார். பிறகு ஊதினார்.

முதலில் அவள் முகம் மலர்ந்தது. தன் பாஷையில் இந்த மனுஷன் ஒரு சொல் பேசிவிட்டார் என்கிற சந்தோஷம் அது, வேறெதுவும் இல்லை. அடுத்த நொடியில்தான் சொன்னது என்ன என்பது அவளுக்கு எட்டியது. மலர்ந்த முகம் அப்படியே இறங்கியதைப் பார்த்தபோது, சுரங்கத்திலேயே கிடந்து செத்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பிறகு லேப்டாப்பைக் காட்டினாள். சத்தமில்லாமல் இரண்டு கையையும் தட்டினாள். இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டு, மகள் இருக்கும் திசையைக் காட்டினாள். அதைப் புரிந்துகொள்ள அவருக்கு யார் துணையும் தேவைப்படவில்லை. நான் கைதட்டினதை அவள் பார்த்தாளா?

சைமன்ராஜ் மோடத்தைக் காட்டினார். இரண்டு விரலைக் கத்தரிபோல வைத்து வெட்டிக் காட்டினார். லைன் கட். கண்ணைத் தொட்டு, இல்லை என்று தலையசைத்தார். மனைவியின் பாஷையில் முதல்முதலாகப் பேச உட்கார்ந்த அன்றே அவளிடம் பொய்யும் சொல்ல வேண்டிவந்தது.

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். நம்பினாள். அதற்கப்புறம்தான் அழுதாள், அவளுக்கே கேட்காத பெரிய குரலில். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அழுகை ஓய்ந்ததும் வாசலுக்கு வந்து மகளைக் கூப்பிட்டார்.

"சொல்லிட்டேம்மா. கைதட்டினத நீ பாத்தியான்னு கேட்டுச்சு. லைன் கட்டாயிடுச்சு, பாக்கலன்னு சொல்லிட்டேன்."

வாசலிலிருந்தே உள்ளே மோடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கே பெரிய பிளானுக்கு மாத்திடறேம்மா. ஆயிரத்து ஐந்நூறு ஆனாலும் ஆவட்டும். மாடி வூட்டுலயும் சொல்லி நிறுத்திடறேன்" என்றார் அவசர அவசரமாக. வேறு எதைத் தருவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை நானே அம்மாவைக் கூப்பிடறேம்ப்பா" என்றாள் நான்சி. "கேட்டாங்கன்னா, நான் ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடறேன்."