ஜன்னலில் குலுங்கிய சாவி

சாவிக்கொத்து குலுங்கும், இரும்புக் "கேட்" கிறீச்சிடும், பிறகு ஓர் இருமல். சிங்கப்பூரில் எங்கள் தெம்பனிஸ் வீட்டில் மாலைதோறும் அம்மா வந்து சேரும் ஓசை இவ்வளவுதான் என்றாலும், பள்ளிவிட்டு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகக் கிடக்கும் எனக்கு அதைக் கேட்டால்தான் மூச்சே சீராக வரும். தேக்கா கடைத்தெருவில் புடவைக் கடை வேலை அவளுக்கு. இருமலும் அங்கே தூசியில் பிடித்ததுதான். அப்பா இல்லாத வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. "பயமா இருந்தா சொல்லு, வேலைய விட்டுடுறேன்" என்று அவள் சொல்லிவைத்திருந்ததாலேயே நான் எதையும் சொல்வதில்லை.

திடீரென்று அந்த ஓசை நட்டநடு மதியத்தில் கேட்கத் தொடங்கியது. சாவி குலுங்கியது, கேட் கிறீச்சிட்டது, இருமல் மட்டும் இல்லை. கதவுத் துளை வழியாகப் பார்த்தால் தாழ்வாரம் காலி. எவனோ கள்ளச்சாவி போட்டுப் பார்க்கிறான் என்று நடுங்கி, நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். அம்மா வருவதற்குள் நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விடும்.

ஒருநாள் அது சமையலறை ஜன்னலுக்கு வெளியே கேட்டது. ஒன்பதாவது மாடி, அந்தப் பக்கம் கதவும் கிடையாது, கால் வைக்க இடமும் கிடையாது. தெரிந்த சாமி பெயரையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். துணி காயப்போடும் மூங்கில் கழியில் சாம்பல் நிறப் பறவை ஒன்று. புறா என்றுதான் நினைத்தேன். ஆனால் வளைந்த மூக்கு, ரத்தச் சிவப்பில் வால். அது என்னையே வெறித்துப் பார்த்து, அலகைத் திறந்து, குரலாலேயே எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்தது.

அம்மா கதவைத் தள்ளித் திறந்து வந்தபோது குறுக்கே நாற்காலி கிடந்தது, பறவை அடுப்படிக்குள் இருந்தது, நான் கட்டிலுக்கடியில் இருந்தேன். அவள் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு மாமாவை, நாங்கள் "பக்சிக்" என்று கூப்பிடுபவரை, அழைத்துவந்தாள். கூண்டில் புறா வளர்க்கும் மலாய்க்காரர். கால் வளையத்தைப் பார்த்ததுமே, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, யாரோ வளர்த்தது, தப்பி வந்திருக்கிறது என்றார். அவர் மலாயில் சொல்லச் சொல்ல அம்மா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"பகல்பூரா தனியா கெடந்திருக்கும்ங்கறாரு. எந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கிட்டே இருந்துச்சோ, அதைத்தான் கத்துக்கிட்டு..."

அம்மா நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

எதிர் பிளாக்கிலிருந்து ஒரு பெண் தேடி வந்து சாவியை ஆட்டியதும் கிளி அவள் தோளுக்குப் பறந்தது. அம்மா வேலையை விடவில்லை, விட்டால் எப்படி? ஆனால் அன்றுமுதல் லிஃப்டைவிட்டு இறங்கும்போதே "நான்தாம்மா" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவாள்.

இப்போது எல்லார் வீட்டிலும் எண்ணை அழுத்தித் திறக்கும் பூட்டு. சாவி திரும்பும் சத்தம் தாழ்வாரத்தைவிட்டே போய்விட்டது. வேலைக்குப் போவது நான், பகல்பூரா வீட்டில் தனியாக இருப்பது அம்மா. எதையும் திறக்காத பழைய சாவிக்கொத்து ஒன்று என் கைப்பையில் கிடக்கிறது. லிஃப்டைவிட்டு இறங்கியதும் அதைக் குலுக்கிக்கொண்டே, "நான்தாம்மா" என்பேன். உள்ளேயிருந்து அந்த இருமல் கேட்கும்.