சட்டையை மோந்து பார்த்தவர்

என் அப்பாவின் சட்டையை ஒருவர் மோந்து பார்த்தார். மூக்கு தோளில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம். வானகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே, கார்கள் நிற்கும் இடத்தில், காலை எட்டரை மணிக்கு, வாட்ச்மேன் பார்க்க, நான் பார்க்க. அப்போது நான் ஏழாம் வகுப்பு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

மோந்தவர் கெட்ட மனிதர் என்று எழுதிவிட்டால் எனக்கும் வேலை மிச்சம். அவர் அப்படி இல்லை. கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நாயைக்கூட 'போங்க' என்று விரட்டுகிற ஆள். இரண்டு கை மாறி வந்த ஒரு பழைய காரை வாங்கிவிட்டு, சென்னைப் போக்குவரத்தைப் பார்த்துப் பயந்துபோய் அப்பாவை டிரைவராக வைத்துக்கொண்டார். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும் அது என் பொறுப்பு. கரண்ட் பில், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் நான்தான் உரக்கப் படிப்பேன். அந்த வயதில் அது எனக்குக் கொடுத்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

சிக்கல் மார்கழியோடு வந்தது. சாரின் மனைவியும் எதிர்வீட்டு அம்மாளும் அந்த மாதம் முழுக்க விடியற்காலையில் திருமழிசைப் பெருமாள் கோவிலுக்குப் போவதென்று முடிவு செய்தார்கள். அப்பா நாலு மணிக்கே எழுந்து, பாரிவாக்கத்திலிருந்து சைக்கிளை மிதிப்பார். ஏரி மேலிருந்து பனி இறங்கி ரோடே தெரியாது. எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் கோயம்புத்தூர்க்காரர் சிரிப்பார்தான். ஆனால் அந்தக் குளிருக்கு அவருடைய கார் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கு வண்டியைக் கிளப்பினால் உள்ளே பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடிக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெருமாளைப் பார்க்கப் போவார்கள். வேடிக்கை என்னவென்றால், கோவிலிலிருந்து திரும்பும்போது நாற்றம் பாதியாகிவிடும். எட்டரைக்கு சார் ஆபீசுக்கு ஏறும்போது துளிகூட இருக்காது.

சாருக்கு இது பெரிய புதிராகிவிட்டது. புதிர் என்றால் படித்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அவர் யோசித்தார். விடியற்காலையில் நாற்றம் அடிக்கிறது. அந்த நேரத்தில் வண்டியோடு தனியாக இருப்பது யார்? டிரைவர். பெட்ரோலும் முன்னைவிடச் சீக்கிரம் தீர்கிறது. டிரைவரின் சட்டையிலும் பெட்ரோல் வாடை அடிக்கிறதாக மனைவி சொல்கிறாள். குழாய் போட்டு உறிஞ்சி எடுக்கிறவன் மேல்தானே வாடை அடிக்கும்?

அதனால்தான் மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க. கேட்டுத்தானுங்களே ஆகணும்? வர்ற சனிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம். அதுக்கப்புறமும் இப்படியே இருந்துச்சுன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்க வேண்டி வருமுங்க" என்றார்.

அப்பா, "சரி சார்" என்றார். அவ்வளவுதான். கதவைத் திறந்துவிட்டார்.

வண்டி வெளியே போனதும் வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா, உங்க அப்பாரு பூ வியாபாரமா பண்றாரு? இப்டி மோந்து பாக்கறாரு சாரு." அவர் சாரைத்தான் கிண்டல் செய்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் அவருடைய ஸ்டூலை உதைத்துவிட்டு ஓடினேன்.

அரைப் பரீட்சை லீவு என்பதால் நான் தினமும் அப்பாவோடு சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய்வந்தேன். ஆகவே எனக்குத் தெரியும், அப்பா ஒரு சொட்டு எடுக்கவில்லை. போனதும் பானட்டைத் தூக்குவார். "நைனா, ஓடிப்போய் ஒரு பக்கெட் தண்ணி புட்சினு வா" என்பார். குழாய் கட்டிடத்தின் பின்பக்கம். நான் வாளியைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வருவதற்குள் பானட்டை மூடியிருப்பார். பிறகு இருவரும் கண்ணாடி துடைப்போம். இதில் திருட எங்கே நேரம்?

இரண்டு தரம் வண்டியை மெக்கானிக்கிடமும் காட்டியாயிற்று. மெக்கானிக் வேறு யாருமில்லை, அம்மாவின் தம்பி, என் மாமா. பூந்தமல்லி போகிற வழியில் ஒரு ஷெட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதற்கு முன்பு அவர் எந்த வேலையிலும் ஒரு தீபாவளியைத் தாண்டியதில்லை. அப்பா ஷெட்டு முதலாளியிடம் தன் வாயால் சொல்லிச் சேர்த்துவிட்டார். அந்தக் குடியிருப்பிலிருந்த நாலைந்து வண்டிகளையும் அந்த ஷெட்டுக்கே அனுப்பிவைத்தார். சாரின் வண்டிக்கு கார்த்திகையில் சர்வீஸ் செய்ததும் மாமாதான்.

இரண்டு தரமும் வண்டி போனது மத்தியானத்தில். மாமா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அப்பாவிடம், "இன்னா மாமா, எல்லாம் எலும்பு மாரி காஞ்சி கீது. எங்க லீக்கு?" என்றார். கூட வந்திருந்த சார் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அப்பா ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை?

எதிர்த்துப் பேசாதவர் என்றும் சொல்ல முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் சாரின் மனைவி வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றப்போனார். அப்பா பாய்ந்து வந்து தீப்பெட்டியையே பிடுங்கிவிட்டார். "வேணாம்மா, இங்க வேணாம். கோயில்ல ஏத்திக்கலாம்." அந்த அம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. சாமி காரியத்தில் கை வைக்கிறான் டிரைவர் என்று அதுவும் சார் காதுக்குப் போனது. எனக்கே அப்பா செய்தது அநியாயமாகப் பட்டது.

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. சூடானால் பொருள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று அந்த வருஷம்தான் அறிவியல் டீச்சர் நடத்தியிருந்தார். பந்தும் வளையமும் வைத்துச் செய்துகூடக் காட்டினார். விடியலில் வண்டி குளிர்ந்து கிடக்கிறது. எட்டரைக்கும் மத்தியானத்துக்கும் சூடாக இருக்கிறது. குளிரில் ஏதோ ஒரு ரப்பர் இறுகிச் சுருங்கி வழிவிடுகிறது. சூட்டில் இளகி, தானே அடைத்துக்கொள்கிறது. மத்தியானம் பார்த்தால் எப்படித் தெரியும்? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டதே!

ஆனால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். பெட்ரோல் பட்ட இடம் சற்று நேரத்தில் காய்ந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவின் மை பெட்ரோல் பட்டால் கரையும் என்பது எனக்குத் தெரியும். சட்டையில் மைக்கறை பட்டால் அப்பா அப்படித்தான் எடுப்பார். ரஃப் நோட்டிலிருந்து நாலு துண்டு கிழித்து, ஒவ்வொன்றிலும் நெருக்கமாகக் கோடு போட்டு, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று நம்பர் எழுதினேன். அன்று சாயங்காலம் அப்பா காய்கறிப் பைகளை லிஃப்ட் வரை தூக்கிப்போன நேரத்தில், பானட்டைத் திறந்து, பெட்ரோல் குழாயின் நாலு இணைப்பிலும் சுற்றி நூலால் கட்டினேன்.

மறுநாள் நான் வாளியோடு வருவதற்குள் துண்டுகளைக் காணோம். "அதுவா? குப்பைன்னு நெனச்சி தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அப்பா.

"குப்பை இல்லப்பா, ப்ரூஃப்பு! உன்னைத் திருடன்னு சொல்றாங்க, நான் உனக்காகத்தான் வச்சேன்!"

அப்பா என் தலையில் கை வைத்தார். "உட்டுடு நைனா. நாலு நாளு கத்துவாங்க. தை பொறந்தா பனி உட்டுடும்."

விடுவதாவது. படிக்காதவர்கள் இப்படித்தான் விட்டுவிட்டு விட்டுவிட்டே கெடுகிறார்கள் என்று அந்தப் பதினோரு வயதில் நான் தீர்மானமாக நம்பினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுத் துண்டுகளை மறுபடியும் கட்டினேன். சனிக்கிழமை விடியலில் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. அப்பா சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டிச் சாவியோடு ஓடிப்போய் பானட்டைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, நாலில் கோடுகள் கோடுகளாகவே இருந்தன. மூன்றாம் துண்டில் கோடே இல்லை, நீலமாகக் கரைந்து வழிந்திருந்தது. அந்த இடத்தில் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பு கிடையாது. கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டிருந்தது. கம்பியின் முறுக்கில் புதிது புதிதாகக் கடிபட்ட தடங்கள் பளபளத்தன. நான் துண்டுகளை டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். அப்பா, "இன்னாடா பண்றே அங்க?" என்று கேட்டபடி வந்தார். "ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

எட்டரைக்கு சார் இறங்கிவந்தார். முகத்தில் தீர்ப்பு எழுதியிருந்தது. அவர் வாயைத் திறக்குமுன் நான் நாலு துண்டுகளையும் காரின் பானட் மேல் பரப்பினேன். "சார், எங்க அப்பா திருடல சார்!" குரல் கீச்சென்று வந்தது. பந்தும் வளையமும் தொடங்கி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார். ஆபீசுக்குக் கிளம்பிய இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். சார் மூன்றாம் துண்டை எடுத்து மோந்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார்.

"அட! பையன் கெட்டிக்காரனுங்க" என்றார். பிறகு குரல் மாறியது. "பெட்ரோல் குழாயில கட்டுக்கம்பியா? ரெண்டு பொம்பளைங்க உட்கார்ந்து போற வண்டிங்க இது. யாரு கட்டுனது இதை? நீங்களா?"

அவர் அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். அப்பா பானட்டை மூடக் கை நீட்டினார். இன்னொரு பழி விழுகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா இல்ல சார்! சர்வீஸ் பண்ணது எங்க மாமா!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திருடன் என்று சொன்னபோதும், சட்டையை மோந்தபோதும் மாறாத முகம் அப்போது மாறியது. சார் அங்கேயே நின்று ஷெட்டு முதலாளிக்குப் போன் போட்டார். சத்தம் போடவில்லை, எல்லாம் 'ங்க'தான். அன்று மத்தியானத்துக்குள் மாமாவுக்கு வேலை போய்விட்டது. அவர் காலூன்றி நின்ற முதல் வேலை. சாயங்காலம் சார் எனக்கு மூடியில் தங்க நிற வளையம் போட்ட ஒரு பேனா கொடுத்தார். நன்றாகப் படிக்கச் சொன்னார். அப்பாவிடம், "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்றார். மன்னிப்பு என்கிற சொல் மட்டும் வரவில்லை. அத்தனை 'ங்க' போட்ட வாய்க்கு அந்த ஒரு சொல் எங்கே போயிற்று என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் ஒழுகியது நிஜம், மாமா செய்தது தப்பு, அந்தப் பெண்களுக்கு ஆபத்து இருந்தது, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டையை மோந்தது மோந்ததுதானே?

சைக்கிளில் வீடு திரும்பினோம். ஏரிக்கரை வந்ததும் அப்பா, மிதிப்பதை நிறுத்தாமல், "கேட்டா சொல்லிடுவியா?" என்றார். நான் கேரியரில் உட்கார்ந்து புதுப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லச் சொல்கிறாரே என்று எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது.

போகியன்று விடியலில் அம்மா பழைய பாயும் கந்தலுமாகத் தெருவில் போட்டாள். அப்பாவின் அந்தச் சட்டையையும் எடுத்தாள். எத்தனை துவைத்தும் வாடை போகவில்லை. பையில் ஏதோ கனத்தது. கையை விட்டு எடுத்தாள். சின்ன கட்டிங் பிளேயர். பிடியில் நீல டேப் சுற்றியிருந்தது. ஷெட்டில் மற்றவர்களோடு கலந்துவிடாமலிருக்க மாமா தன் சாமான்களில் எல்லாம் அப்படிச் சுற்றிவைப்பார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாங்கித் துண்டில் துடைத்து அலமாரியில் வைத்தார்.

ஒவ்வொரு வருஷமும் போகிக்கு முந்தின நாளே மாமா கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப்பானையுமாக அம்மாவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்துவிடுவார். அந்த வருஷம் போகி மத்தியானம் தாண்டியும் யாரும் வரவில்லை. அம்மா வாசலை மூன்றாவது தரம் பெருக்கினாள்.

"மாமாவுதுப்பா அது. ஏன் திருப்பிக் கொடுக்கல?" என்று கேட்டேன்.

"அவன் வந்து வாங்கிக்குவான்."

"இரவல் வாங்கினா நாமதான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி துடைக்கப் போகிறவரின் சட்டைப்பையில் கட்டிங் பிளேயர் எதற்கு என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.