முதல் பக்கம் தாண்டாத மகுடேஸ்வரன்

மைக்கின் தலையில் விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ... செக்... செக்" என்கிறார் மகுடேஸ்வரன். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுகிறார். அரை நிமிடம் மூச்சு விடவில்லை. பிறகு முகத்தைச் சுளித்து என்னைப் பார்க்கிறார்.

"அடியில ஒரு ஊ...ன்னு வருதுங்க சார். உங்களுக்குக் கேக்கலீங்களா?"

எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்காக இத்தனை மாதத்தில் முப்பது தடவையாவது அந்த ஹெட்போனை மாட்டிக் கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட எனக்கு அந்த ஊ கேட்டதில்லை. "இல்லீங்க" என்று சொன்னால், காது சரியில்லாதவனைப் பார்ப்பதுபோல் பரிதாபமாகப் பார்ப்பார்.

பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு இவர்தான் பொறுப்பு. வயது நாற்பத்தாறு. இருபத்து மூன்று வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர். பனியனில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் எது இருந்தாலும் அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் சுருள் எந்நேரமும் இவர் சட்டைப்பையில் இருக்கும். கம்பெனியோடு விட்டால் பரவாயில்லை. போன தீபாவளிக்கு நான் என் வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் கேட்டில் ஏழு அம்பு. "பிரஷ் மார்க் தெரியுதுங்க சார். சும்மா ஒரு இதுக்குத்தான் ஒட்டுனேன்" என்று சிரிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சுருளைப் பிடுங்கி அவர் நெற்றியிலேயே ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. "அப்படீங்களா" என்று நானும் சிரித்து வைத்தேன். இந்த ஊரில் மரியாதை அப்படி.

குரல் மட்டும், சொல்லித்தான் ஆக வேண்டும், நல்ல குரல். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் மைக்கைப் பிடித்தார் என்றால் கேன்டீனில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். கனமும் தெளிவுமாக ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே வந்து விழும். அந்தக் குரலை நம்பித்தான் செல்லத்தாய் இவரிடம் வந்தாள்.

செல்லத்தாய் இவருக்குக் கீழே செக்கிங் டேபிளில் நிற்பவள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மகள் அனுசுயாவுக்குப் பிறவியிலிருந்தே கண் பார்வை கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சி வகுப்பில் கொடுத்த நோட்ஸ் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தது, மொத்தம் இருநூற்றுப் பதினொரு பக்கம். போனில் படித்துக் காட்டுகிற ஆப் அச்செழுத்து என்றால் ஓரளவு படிக்கும். இந்தக் கையெழுத்தைக் காட்டினால் கன்னாபின்னாவென்று உளறியது. செல்லத்தாய்க்கோ எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "சார், ஒங்க கொரல்ல படிச்சுப் பதிஞ்சு குடுத்தீகன்னா புள்ள கேட்டே படிச்சுக்கிடுவா" என்று அந்தத் தாள் கட்டை இவர் கையில் கொடுத்தாள். பரீட்சைக்கு அப்போது நான்கு மாதம் இருந்தது. இவரும் நெஞ்சில் கை வைத்து, "என்ற பொறுப்பு, உட்ருங்க" என்றார்.

நீங்களோ நானோ என்றால் அன்று மாலையே போனை எடுத்து வைத்துப் படிக்க ஆரம்பித்திருப்போம். இவர் க்வாலிட்டிக்காரர் ஆயிற்றே! "போன்ல பதிஞ்சா அது ரெகார்டிங் இல்லீங்க சார், அது வாட்ஸாப்புங்க" என்றார். மைக் ஒன்று வாங்கினார். மைக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்க்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் பெட்டியைக் இருப்பதிலேயே குறைந்த விலையில் எது கிடைக்கிறதோ அதைப் பார்த்து ஆன்லைனில் வரவழைத்தார். உள்ளங்கை அகலம், இரண்டு திருகு, நாலைந்து பட்டன், ஒரு யு.எஸ்.பி. ஒயர், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் என்னுடைய பழைய லேப்டாப். இரவல் கொடுத்த கையை நான் இன்னும் நொந்துகொண்டிருக்கிறேன்.

முதல் பெட்டியில் சத்தமே வரவில்லை. "டெட் பீஸுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மாதிரி மைக்குக்குப் பெட்டியில் நாற்பத்தெட்டு வோல்ட் என்று போட்டிருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். அது பெட்டியோடு வந்த காகிதத்திலேயே படம் போட்டு இருக்கிறது. இரண்டாவது பெட்டியில் சத்தம் ஒரு காதில் மட்டும் வந்தது. ஒரு மைக்கை ஒரு துளையில் செருகினால் ஒரு பக்கம்தான் வரும், மென்பொருளில் ஒரு இடத்தில் தட்டினால் இரண்டு பக்கமும் வந்துவிடும். இதைக்கூட நான் ஒரு வீடியோ பார்த்துக் கண்டுபிடித்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்வதற்குள் அதுவும் திரும்பிப் போயிருந்தது. மூன்றாவதில் இரைச்சல். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கிறது, சொருகினால் வருகிறது. பிடுங்கிவிட்டுப் படிக்க வேண்டியதுதானே? "சார்ஜர் போட்டும் ஓடோணுமுங்க. இல்லாட்டி அது டிஃபெக்ட் தானுங்களே?" நான்காவதில் திருகைத் திருப்பும்போது கரகரப்பு. அந்தத் திருகின்மேல் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, போட்டோ எடுத்து, கடைக்காரனுக்கு அனுப்பினார்.

ஒவ்வொரு பெட்டிக்கும் விமர்சனம் வேறு எழுதுவார். பாட நோட்ஸில் ஒரு பக்கம் படிக்க நேரமில்லாத மனிதருக்கு இதற்கு மட்டும் நேரம் எங்கிருந்துதான் வருமோ. "பார்வைக்கு நன்று. ஃபினிஷிங் சுமார். சத்தம் சுத்தமில்லை. வாங்குவோர் ஏமாற வேண்டாம். ஒரு நட்சத்திரம்." அதற்குக் கீழே யாரோ ஒரு நல்ல மனிதர், "நாற்பத்தெட்டு வோல்ட் பட்டனை அமுக்கினீர்களா?" என்று கேட்டிருந்தார். இவர் பதில்: "எனக்கு இருபத்து மூன்று வருட க்வாலிட்டி அனுபவம் உள்ளது." என்னிடம் போனைக் காட்டி, "இருவத்தியேழு பேரு உபயோகமா இருக்குன்னு அமுக்கியிருக்காங்க சார்" என்றபோது அந்த முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே!

இதற்கிடையில் அறை தயாரானது. எதிரொலி வரக்கூடாதென்று பனியன் வேஸ்ட் என்னும் துணிக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து நான்கு சுவரிலும் அடுக்கினார். ஜன்னலையும் அதை வைத்தே அடைத்தார். ஃபேன் சத்தம் ஆகாது, அதனால் ஃபேன் கிடையாது. சித்திரை வெயிலில், அந்தத் துணி மூட்டைகளுக்குள், இடுப்பில் ஒரு துண்டோடு உட்கார்ந்து, வேர்வை வழிய வழிய இந்த மனிதர் படித்தது என்ன தெரியுமா? "இந்திய அரசமைப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டு ஜனவரி இருபத்தாறாம் நாள் நடைமுறைக்கு வந்தது." முதல் பக்கத்து முதல் வரி. இதை மட்டுமே படித்தார். முந்நூறு தடவைக்குக் குறையாது. எங்கள் தெருவில் காய்கறி விற்க வருகிறவருக்குக்கூட அரசமைப்பு என்றைக்கு நடைமுறைக்கு வந்தது என்று தெரியும்.

ஏன் இரண்டாவது வரிக்குப் போகவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டே விட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

"மொதல்ல சாம்பிளுங்க சார். சாம்பிள் ஓகே ஆனாத்தானுங்க பல்க் ஓட்ட முடியும். ஒரு பீஸ் தப்பா அப்ரூவ் பண்ணிப்போட்டு அம்பதாயிரம் பீஸ் ஓட்டுனா என்னாகும்? கன்டெய்னரே திரும்பி வந்துருமுங்க."

முதல் வரிதான் சாம்பிளாம். அது குறையில்லாமல் வந்த பிறகுதான் மிச்சத்தைப் படிப்பாராம். கம்பெனியில் குறைகளைத் தரம் பிரிப்பதுபோல் இதற்கும் ஒரு நோட்டு போட்டிருந்தார். மூச்சு வாங்குகிற சத்தம், மைனர். உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம், மேஜர். நாய் குரைத்தால் கிரிட்டிக்கல், அந்தப் பதிவை அப்படியே அழித்துவிட வேண்டியது. ஒவ்வொரு நாள் பதிவுக்கும் எதிரே ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். தன்னைத்தானே ரிஜெக்ட் செய்துகொள்கிற மனிதரைத் திட்டவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை.

பரீட்சைக்கு ஐம்பது நாள் இருக்கும்போது அனுசுயாவே வந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து அந்த அறை வாசலில் நின்றாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். இவர் பெரிய மனதோடு ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது.

"நல்லாத்தாண்ணே இருக்கு. இப்பிடியே மத்ததையும் படிச்சிருங்க."

"இல்லீங்க அம்மணி. அடியில ஒரு ஊ இருக்குது."

"இருந்தா இருந்துட்டுப் போகுதுண்ணே. எனக்குப் பாடம் வந்தாப் போதும். போன தடவ நாலு மார்க்ல போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா மாமா வீட்டுல ஊருக்கே வந்துருங்கன்னு சொல்றாக. அம்மாவுக்கும் நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சு."

"துணி வாங்கற பையர் ஓகே சொன்னாலும் செக்கிங் பண்ற க்யூசி ஓகே சொல்லோணும் கண்ணு. அவசரப்பட்டா ஆகுமுங்களா?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. "ஏனுங்க மகுடேஸ்வரன், பரீட்சை உங்களுக்குங்களா அந்தப் பொண்ணுக்குங்களா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியாக வந்திருந்த ஆறாவது பெட்டியைத் தூக்கிக் காட்டி, "இதுல டிரைவர் சாஃப்ட்வேர் புதுசா உட்டிருக்கானுங்க சார். போட்டுப் பாத்துட்டா முடிஞ்சுது" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். லேப்டாப்பைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும், அது அப்போது தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்கத் தொடங்கியது. மகுடேஸ்வரனின் மனைவி விஜயகுமாரி. வேறொரு கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பத்தாவது வரை படித்தவர். காலையில் அடுப்படியில் நின்றபடி நோட்ஸைப் படிப்பார், போனில் பதிந்து அனுசுயாவுக்கு அனுப்புவார். மிச்சப் பக்கங்களைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோய், டீ நேரத்தில் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பார். வெள்ளைக்கார துரைகளின் பெயர் வந்தால் இரண்டு தடவை தடுமாறி, "இரு கண்ணு, மறுபடி படிக்கறேன்" என்று அதையும் சேர்த்தே அனுப்புவார். அவர் வீட்டுக்காரர் அதே வீட்டில்தான் இருந்தார். காதில் ஹெட்போன் இருந்ததால் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. "அவருகிட்டச் சொல்லலீங்களா?" என்று கேட்டேன். "சொன்னா அது சரியில்ல, இது சரியில்லன்னு நொட்டம் சொல்லுவாருங்க. அப்பறம் எனக்கு வாயே வராதுங்க" என்றார் விஜயகுமாரி. நோட்ஸ் கட்டிலிருந்து தினமும் ஐந்தாறு தாள் எடுத்துக்கொண்டுபோனவர், முதல் தாளை மட்டும் மைக்குக்கு முன்னால் அப்படியே விட்டுவைத்திருந்தார். இருநூற்றுப் பத்துப் பக்கம் காணாமல் போனது மகுடேஸ்வரனுக்குப் பரீட்சை முடிந்த பிறகும் தெரியவில்லை. அவருக்கு அந்த ஒரு தாள் போதுமாக இருந்தது.

சில மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை, செல்லத்தாயும் அனுசுயாவும் லட்டுப் பெட்டியோடு வந்தார்கள். பாஸ். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். செல்லத்தாய் அழுகிறாள், சிரிக்கிறாள், யார் கையில் லட்டைக் கொடுப்பதென்று தெரியாமல் எனக்கே மூன்று கொடுத்துவிட்டாள்.

மகுடேஸ்வரன் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு, "என்ற வாய்ஸ் உதவுச்சுங்களா அம்மணி?" என்றார். கூச்சமே இல்லை பாருங்கள்.

அனுசுயா சிரித்துவிட்டாள். "ஒங்க மொத வரி இன்னும் மனசுலயே நிக்குதுண்ணே. அது மட்டும் கேள்வியில வரல."

பிறகு அவளே விஷயத்தைச் சொன்னாள். விஜயக்கா படித்து அனுப்பியது, அதைக் கேட்டுக் கேட்டே தூங்கியது, எழுந்தது, எல்லாம். "வேலூர்ப் புரட்சி எந்த வருசம்னு கேட்டிருந்தாகண்ணே. சட்டுனு ஓடல. அக்கா அதைப் படிக்கும்போது மிஷின் சத்தத்துக்கு நடுவுல ஒரு அம்மா 'விஜி, பீஸ் தீந்துபோச்சு'ன்னு கத்துவாக. மொதல்ல அந்தச் சத்தந்தான் ஞாபகம் வந்துச்சு. அது பின்னாலயே ஆயிரத்து எண்ணூத்தி ஆறும் வந்துருச்சு."

"எங்க, அதைப் போடுங்க கேக்கலாம்" என்றார் மகுடேஸ்வரன்.

அனுசுயா போனைத் தடவித் தேடிப் போட்டாள். தடதடவென்று மிஷின்கள், அதற்கு மேலே தொண்டையை உயர்த்தி விஜயகுமாரி, நடுவில் பீஸ் தீர்ந்துபோன அந்த அம்மாள். விஜயகுமாரி சமையலறை வாசலுக்கு வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டின நாளிலிருந்து இந்த மனிதரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கியிருப்பாரோ என்னவோ, இப்போதாவது வரும் என்று எனக்கே தோன்றியது. மகுடேஸ்வரன் கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார். தலையை மெதுவாக ஆட்டினார்.

"மிஷின் சத்தம் மேஜருங்க. அந்தம்மா கத்தறது கிரிட்டிக்கல்" என்றார். "போனை இங்க குடு அம்மணி. அரை மணி நேரத்துல அதையெல்லாம் எடுத்துப்போட்டு, சுத்தமாத் தர்றேன்."

கையை நீட்டினார்.

அனுசுயா போனைக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்து மூடி, பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.